ஸ்னோபோர்ட் அடிக்கு எந்தப் பிரஷ்? கொழும்பிலிருந்து பனிக்குப் போகிறவர்களுக்குச் சில அனுபவங்கள்

ஸ்னோபோர்ட் என்பது பனிச்சரிவில் நின்றபடி சறுக்கிப்போகும் பலகை. அதன் அடிப்பக்கத்தில் மெழுகை அயனால் உருக்கிப் பூசி, ஆறியதும் மேலதிகத்தைச் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்ப்போம். எந்த மெழுகு நல்லது, எந்த அயன் வாங்கலாம் என்று விசாரிக்கிறவர்கள் பிரஷ்ஷைப் பற்றிக் கேட்பது கடைசியில்தான். ஒரு ஸ்னோபோர்ட் பனியில் வழுக்கிக்கொண்டு ஓடுவதும், சமதரையில் ஒட்டிக்கொண்டு நிற்பதும் பெரும்பாலும் அந்தப் பிரஷ்ஷில்தான் தங்கியிருக்கிறது. விலையுயர்ந்த மெழுகைப் பூசி அரைகுறையாகத் தேய்த்த போர்டைவிட, சாதாரண மெழுகைப் பூசி ஒழுங்காகப் பிரஷ் போட்ட போர்ட் நன்றாக ஓடும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

டொரொண்டோவில் இருந்த காலத்தில், கொலிங்வூட் பக்கம் ஒரு வாடகைக் கடையின் பின்பக்கப் பட்டறையில் குளிர்காலங்களில் வேலை செய்தேன். கை முழுக்க மெழுகுத் தூளோடு கழிந்த நாட்கள் அவை. இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். இங்கிருந்து பனிக்குப் போவதென்றால் எங்களுக்குக் கிட்டிய நல்ல இடம் காஷ்மீரில் உள்ள குல்மார்க். டெல்லிக்குப் பறந்து, அங்கிருந்து ஸ்ரீநகர், பிறகு வாகனத்தில் மலையேற வேண்டும். மற்றப்படி சுவிஸிலும் கனடாவிலும் சகோதரங்கள் இருக்கிறவர்கள் மார்கழி விடுமுறைக்கு அங்கே போகிறார்கள். போகுமுன் போர்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. போன வருடம் என் அக்கா மகன் இணையத்தில் ஆறு பிரஷ் கொண்ட ஒரு பெட்டி வாங்கி வந்து, "மாமா, இதில எதை முதல் பிடிக்கிறது?" என்று கேட்டான். இரண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மற்ற நாலையும் பெட்டிக்குள் திருப்பிப் போடச் சொன்னேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போர்டின் அடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அது பொலித்தீன் குடும்பத்து பிளாஸ்டிக். ஆனால் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளமானவை என்பதால் தேய்மானம் குறைவு. பி-டெக்ஸ் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். உருக்கிப் பிழிந்து தகடாக்குவது ஒன்று. இது மலிவு, மெழுகை அதிகம் உறிஞ்சாது. தூளை அழுத்திச் சூடாக்கிக் கட்டியாக்கி, அந்தக் கட்டியிலிருந்து தகடு தகடாகச் சீவி எடுப்பது மற்றது. இது மெழுகை நன்றாக உள்ளே வாங்கும், நல்ல போர்டுகளில் இதுதான் இருக்கும். இரண்டிலும் மேற்பரப்பில் கல் சக்கரத்தால் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் தெரியும்.

அந்த வரிகள் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. போர்ட் ஓடும்போது உராய்வால் பனி உருகி, அடிக்குக் கீழே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. நீர் குறைவென்றால் காய்ந்த உராய்வு. கூடிவிட்டால் இரண்டு ஈரக் கண்ணாடிகளைப் போல ஒட்டிக்கொள்ளும். வரிகள் அந்த நீரை வெளியேற்றி ஒட்டலை உடைக்கின்றன. மெழுகு வரிகளை அடைத்துக்கொண்டு நின்றால், எவ்வளவு நல்ல மெழுகாக இருந்தும் பயனில்லை. மெழுகு இருக்க வேண்டிய இடம் பிளாஸ்டிக்குக்கு உள்ளே. மேலே நிற்பதை ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுக்கிறோம். ஸ்கிரேப்பர் எட்டாத வரிகளுக்குள் கிடப்பதைப் பிரஷ்ஷால் கிண்டி எடுக்கிறோம். மினுக்குவது பிரஷ்ஷின் வேலையே இல்லை. சிவப்புச் சீமெந்துத் தரையைத் தேங்காய் மட்டையால் மினுக்கிப் பழகிய கைக்கு இது முதலில் பிடிபடாது, மினுக்கம் வந்ததும் நிறுத்தத் தோன்றும். மினுக்கம் வந்த பிறகும் வரிகளுக்குள் மெழுகு இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பிரஷ் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். வரிக்குள் போகக்கூடிய மெல்லிய நார் வேண்டும். மெழுகைப் பெயர்க்கும் அளவுக்கு அது விறைப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கீறவும் கூடாது. இந்த மூன்றும் ஒரே நாரில் முழுதாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் உலோகம், நைலோன், முடி என்று வகைகள்.

உலோகத்தில் பித்தளையும் வெண்கலமும்தான் பொதுவாகப் பாவனையில் இருப்பவை. வெண்கலம் கொஞ்சம் விறைப்பு, பித்தளை கொஞ்சம் மென்மை. வீட்டு வேலைக்கு இரண்டில் எது கிடைத்தாலும் போதும். இதற்கு இரண்டு வேலைகள். மெழுகு பூசுவதற்கு முன் அடியிலுள்ள அழுக்கையும் பழைய மெழுகையும் கிளப்புவது முதல் வேலை. மெழுகு பூசிச் சுரண்டிய பிறகு வரிகளைத் திறப்பது இரண்டாவது. மாதக் கணக்காக அலுமாரிக்குப் பின்னால் நின்ற போர்டின் ஓரங்களில் வெள்ளை பூத்தது போல் காய்ந்திருக்கும். அதற்குப் பித்தளைப் பிரஷ்ஷால் முனையிலிருந்து வால் நோக்கிப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து, துணியால் துடைத்து, பிறகு மெழுகு பூசினால் அது உள்ளே இறங்கும்.

உருக்குக் கம்பிப் பிரஷ்ஷும் இருக்கிறது. பந்தயக்காரர் பாவிப்பது மயிரிழையை விட மெல்லிய, துருப்பிடிக்காத உருக்கு. நல்ல பொருள்தான். ஆனால் விலை அதிகம், தெரியாத கைக்கு ஆபத்தும் அதிகம். வருடத்துக்கு ஒருமுறை பனி பார்க்கிற எங்களுக்கு அது தேவையில்லை.

நைலோன்தான் உழைப்பாளி. சுரண்டிய பிறகு மிச்சமிருக்கிற மெழுகின் பெரும்பங்கை வெளியே கொண்டுவருவது இதுதான். நல்ல குளிருக்கான மெழுகு கடினமாக இருக்கும். அதற்கு முதலில் பித்தளை பிடித்து, பிறகு நைலோன். மிதமான குளிருக்கான மெழுகுக்கு நைலோன் மட்டுமே போதும். ஒரேயொரு பிரஷ்தான் வாங்க முடியும் என்கிறவருக்கு நான் நைலோனைத்தான் சொல்வேன். இரண்டு என்றால் பித்தளையும் நைலோனும். அக்கா மகனின் மேசையில் நான் எடுத்து வைத்தவையும் அவைதான். குதிரைமுடிப் பிரஷ் மூன்றாவது. நைலோன் விட்டுவைத்த மென்தூளை அது வாரி எடுக்கும். ஈரப்பனியில் வித்தியாசம் தெரியும், காய்ந்த தூள்பனியில் அவ்வளவாக உணர மாட்டீர்கள்.

வரிசையை மாற்ற வேண்டாம். விறைப்பானது முதலில், மென்மையானது பிறகு. திசையும் எப்போதும் முனையிலிருந்து வால் நோக்கி. உலோகத்துக்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கலாம். நைலோனை நீளமான இழுப்பாக, கை வலிக்காத வேகத்தில் பிடிக்க வேண்டும். முடிப் பிரஷ்ஷுக்கு அதன் சொந்தப் பாரமே போதும். முடிந்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி நகம். அடியில் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் மெழுகு சேர்ந்தால் இன்னும் வேலை இருக்கிறது. பிரஷ் இழுக்கும்போது வெள்ளைத் தூள் பறப்பது நின்றிருக்கவும் வேண்டும்.

இனி இங்கே கொழும்பில் எங்கே வாங்குவது? இதற்கென்றே செய்த பிரஷ்களை வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் சொல்லி எடுப்பதுதான் நேர்வழி. ஸ்விக்ஸ், டோகோ போன்ற பெயர்களில் நீள்வட்டமாகவும் நீள்சதுரமாகவும் வரும். ஸ்னோபோர்ட் அகலமானது, அதனால் கையில் வார் மாட்டிப் பிடிக்கிற பெரிய நீள்வட்டப் பிரஷ் நல்லது. பனிச்சறுக்குக் கட்டைக்கென்று வருகிற சின்னது போர்டுக்கும் உதவும், கை மட்டும் அலுத்துப்போகும்.

அதற்கு வழியில்லாதவர்கள் புறக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கம்பிப் பிரஷ் என்று கேட்டால் முதலில் நீட்டுவது வெல்டிங் கறள் தேய்க்கிற உருக்குப் பிரஷ். அதைத் தொடவே வேண்டாம். கம்பி தடிப்பு, ஒரு தடவை இழுத்தாலே அடி உழுத வயலாகிவிடும். நான் போகிற கடை நானாவிடம் போர்டின் அடியைப் போனில் படம் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இரும்புக்குப் போடுற பிரஷ் இல்ல, நகைக்குப் போடுற பிரஷ் மாதிரி வேணும் உங்களுக்கு" என்றார். சரியான கண். செட்டியார் தெருவில் பத்தர்கள் பாவிக்கிற பித்தளைக் கம்பிப் பிரஷ் அவ்வளவு மெல்லியது. தங்கத்தையே கீறாமல் துலக்குவதற்கென்று செய்தது. போர்டுக்கு அது சின்னதுதான், நேரம் எடுக்கும். வேலையைச் சுத்தமாகச் செய்கிறது.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை நிறத்தில் இருப்பதெல்லாம் பித்தளை இல்லை. உருக்குக் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசிய பிரஷ்கள் நிறைய விற்கிறார்கள். காந்தம் நாரில் ஒட்டினால் உள்ளே உருக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலை முழுவதையும் ஒட்டிப் பார்க்காமல் ஒரு நாரின் நுனியில் பாருங்கள், ஏனென்றால் கட்டையில் அறைந்த ஆணிகளும் காந்தத்தை இழுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் போர்டில் போடுமுன் இன்னொரு சோதனை. குசினியில் காய்கறி வெட்டுகிற வெள்ளை பிளாஸ்டிக் பலகை இருக்குமே, அதுவும் பெரும்பாலும் பொலித்தீன் குடும்பம்தான். தேய்ந்துபோன பழைய பலகை ஒன்றின் பின்பக்கத்தில் புதுப் பிரஷ்ஷை நன்றாக இழுத்துப் பாருங்கள். நகம் சிக்குகிற கீறல் விழுந்தால் அந்தப் பிரஷ் போர்டுக்கு ஆகாது. கீறல் இல்லாவிட்டாலும் அதே பலகையில் இன்னும் சிறிது நேரம் தேய்த்தால், புதுக் கம்பி நுனிகளின் கூர் மழுங்கிப் பிரஷ் பழக்கத்துக்கு வரும். பட்டறையிலும் புது உலோகப் பிரஷ்ஷைப் பழைய கழித்த போர்டில் பழக்கிவிட்டுத்தான் வாடிக்கையாளரின் போர்டில் வைப்போம்.

நைலோனுக்குச் சலவைப் பிரஷ்ஷும் உதவும், நாரைப் பார்த்து எடுத்தால். மலிவான, பளிச்சென்ற நிறத்தில் வருகிற பல பிரஷ்களின் நார் நைலோன் இல்லை, பொலிப்ரொப்பிலீன். ஒரு கற்றையை விரலால் மடக்கிச் சிறிது நேரம் பிடித்துவிட்டு விடுங்கள். நிமிர்ந்து நின்றால் எடுக்கலாம். வளைந்தபடியே கிடந்தால் சில இழுப்பிலேயே படுத்துவிடும். நார் கட்டையாக, நெருக்கமாக இருப்பதைத் தேடுங்கள். நீளமான நார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வளைந்து வரியின் மேலால் வழுக்கிப்போகும்.

குதிரைமுடிக்குச் சப்பாத்துப் பிரஷ். புதியதாக, சப்பாத்து மெழுகு ஒருபோதும் படாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயமும் எண்ணெயும் அடியில் ஏறும். உண்மையான முடியா என்று பார்க்க ஒரு நாரைப் பிடுங்கி நெருப்புக் காட்டுங்கள். முடி என்றால் மயிர் கருகுகிற மணம் வந்து தூளாக உதிரும். செயற்கை நார் உருகி உருண்டையாகும். தும்புப் பிரஷ் எங்கள் ஊர்ப் பொருள், எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் தும்பு நார் தடிப்பும் மெலிவும் கலந்தது, நுனி ஒடிந்து தூள் கொட்டும். ஓரத்தில் படிந்த மண்ணைத் தட்ட வைத்துக்கொள்ளலாம், அடிக்கு வேண்டாம்.

ஸ்கிரேப்பரையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் அக்ரிலிக் வெட்டுத்துண்டுகள் கிடக்கும். நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு துண்டை நேராக வெட்டித் தரச் சொன்னால் அருமையான ஸ்கிரேப்பர். ஓரம் கூராக இருக்க வேண்டும். மொட்டை ஸ்கிரேப்பர் விட்டுவைக்கிற மெழுகையெல்லாம் பிரஷ்ஷால் எடுக்கப் பார்ப்பது தோளைத்தான் நோகடிக்கும்.

கொழும்பின் வெக்கை இந்த வேலையின் கணக்கையே மாற்றிவிடுகிறது. இதைப் பனிநாட்டில் எழுதப்பட்ட குறிப்புகளில் பார்க்க முடியாது. மெழுகு பூசிய போர்ட் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு சுரண்டு என்பார்கள். அவர்களின் அறை 20 பாகை. எங்கள் விறாந்தை 30 பாகை. மிதமான குளிருக்கான மஞ்சள் மெழுகு இந்தச் சூட்டில் வெண்ணெய் மாதிரி இழுபடும். பிரஷ் போட்டால் தூளாகப் பறக்காமல் நாருக்குள் பசையாக அடைந்துவிடும். அதனால் சுரண்டலையும் பிரஷ்ஷையும் ஏசி அறையில்தான் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு பூசி, இரவு முழுக்க அந்த அறையிலேயே போர்டை விட்டு, காலையில் தொடங்கினால் மெழுகு சொன்னபடி கேட்கும். கீழே பழைய பெட்ஷீற் ஒன்றை விரியுங்கள். மெழுகுத் தூள் தரை ஓட்டில் விழுந்தால் வீட்டில் யாராவது வழுக்குவார்கள்.

இங்கே பிரஷ் வேலையை முழுதாக முடித்துவிட்டதாகவும் நினைக்காதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து குல்மார்க்குக்குப் போகிற போர்ட் 30 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறது. குல்மார்க்கே 2,600 மீற்றருக்கு மேலே. கொண்டோலா எனும் கம்பிவட வண்டியில் ஏறி அபர்வத் மலைப் பக்கம் போனால் 3,900 மீற்றரைத் தாண்டிவிடும். அந்தக் குளிரில் அடி சுருங்கி, உள்ளே இருந்த மெழுகைக் கொஞ்சம் வெளியே தள்ளும். முதல் நாள் போர்டை வெளிக்குளிரில் சிறிது நேரம் வைத்துவிட்டு நைலோன் பிரஷ்ஷால் மறுபடி இழுத்தால் மீண்டும் வெள்ளைத் தூள் பறப்பதைப் பார்ப்பீர்கள். அதைச் செய்தவரின் போர்டும் செய்யாதவரின் போர்டும் காலை முதல் ஓட்டத்திலேயே வேறுபடும். ஆகவே மற்றதெல்லாவற்றையும் வீட்டில் விட்டாலும் நைலோன் பிரஷ் பைக்குள் இருக்க வேண்டும். தை, மாசி மாதங்களில் அங்கே நல்ல குளிர் என்பதால் நீல நிறக் குளிர் மெழுகுதான் பெரும்பாலும் சரிவரும். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வெப்ப அளவு மாறும், பொதியில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு கடல்காற்றைக் கவனிக்க வேண்டும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கிற எங்கள் தொடர்மாடிகளில் இரும்புப் பொருள் எதையும் சும்மா வைக்க முடியாது. போர்டின் உருக்கு ஓரங்கள் சீக்கிரம் கறள் பிடிக்கும். பித்தளைப் பிரஷ்ஷால் அடியைத் துலக்கி, மஞ்சள் மெழுகைத் தடிப்பாக, ஓரங்களையும் மூடும்படி பூசி, சுரண்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சுரண்டினால் போதும். பிரஷ்களுக்கும் பராமரிப்பு வேண்டும். குதிரைமுடி மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மரக்கட்டை ஊதும். மூடியிறுக்கிய பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்தால் இரண்டும் தப்பும். வைக்குமுன் பழைய சீப்பால் வாரி, நாருக்குள் இருக்கிற மெழுகைத் தட்டிவிடுங்கள். அழுக்குக் கிளப்பிய பித்தளைப் பிரஷ்ஷும் கடைசித் தேய்ப்புக்கான பிரஷ்ஷும் ஒரே பைக்குள் போகக்கூடாது. கட்டையில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஓரத்துக் கறளைத் தேய்த்த பிரஷ் எதையும் மறுபடி அடியில் வைக்கவே வேண்டாம், அந்தத் துகள் பிளாஸ்டிக்கில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

உறவினர் பழைய பந்தயக் கருவிகளை அன்போடு அனுப்பி வைப்பதும் நடக்கிறது. மெழுகில் ஃப்ளோரின் சேர்மங்கள் கலந்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. அவை நன்றாக வழுக்கும், ஆனால் இயற்கையில் சிதைவதில்லை, உடலிலும் தங்கும். அவற்றில் ஒரு வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலையில் தடுத்தது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் ஃப்ளோரின் மெழுகை முற்றாக நிறுத்தியது. அந்த மெழுகில் புழங்கிய பிரஷ்ஷிலும் எச்சம் இருக்கும், அதைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டுக்குள் அந்தத் தூள் வேண்டாம். எங்கே பாவித்தது என்று தெரியாத பழைய பிரஷ் வந்தால் நன்றி சொல்லி ஒதுக்கி வையுங்கள்.

டிரில்லில் மாட்டிச் சுழற்றுகிற உருளைப் பிரஷ்ஷைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு நாளைக்குப் பல போர்ட் செய்கிற பட்டறைக்கு அது பெரிய உதவி. தொடர்மாடி அறைக்குள் அது கிளப்புகிற தூள் ஏசி வடிகட்டி வரை போகும், முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் தொடவும் கூடாது. ஒன்றிரண்டு போர்டுக்குக் கைப் பிரஷ்ஷே போதும். அக்கா மகனும் அவன் சிநேகிதர்களும் இப்போது அந்தப் பெட்டியிலிருந்த பித்தளையையும் நைலோனையும் முறைவைத்துப் பாவிக்கிறார்கள். குதிரைமுடியை மூன்றாவதாக எடுத்துத் தரச் சொல்லி இருக்கிறான். பங்குனியில் குல்மார்க் பனி ஈரமாகிவிடும், அப்போது போகிறார்கள் என்பதால் இந்த முறை அது உண்மையாகவே வேலைக்கு வரும்.